முன்சக்கரத்தில் நம்ம டயர்

டயரைச் சீவுவது, புது ரப்பர்ப் பட்டையை ஒட்டுவது, சேம்பரில் வேகவைப்பது எல்லாம் மிஷின் முன்னால் ஒரு மாதம் நின்றால், புதுசாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கே வந்துவிடும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நம் பட்டறையின் கடைசி ஆய்வு மேஜையில் நின்றவள் நான். சுத்தியலால் தட்டிப் பார்த்து, சரி என்று நான் சொன்னால்தான் டயர் வாசலைத் தாண்டும். ஆனால் யாராவது, "வசந்தாக்கா, உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத நாள் எது?" என்று கேட்டால் அந்த மேஜை ஞாபகத்துக்கு வருவதே இல்லை. செங்கம் ரோட்டில் ஒரு வேனைத் துரத்திக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேனே, அந்த நாள்தான் வருகிறது.

அன்று சனிக்கிழமை. ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடிக்கைக்காரரின் வண்டியைப் பார்த்துவிட்டு, ரோட்டோர டீக்கடையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தோளில் பாய் சுருட்டிக்கொண்டு நாலைந்து வெள்ளைக்காரர்கள் சாலையைக் கடந்தார்கள். அவர்களுக்காக ஒரு பெரிய வேன் பிரேக் போட்டு, சரியாக என் எதிரே நின்றது. ஆறு சக்கர வண்டி. ஜன்னல் முழுக்கப் பெண்கள், ஒரே நிற டி-ஷர்ட், ஒரே பாட்டு. ஒருத்தி குதித்திறங்கி டீக்கடைக்கு ஓடிவந்தாள். முன் கண்ணாடியில் ஒரு பேனர்: கீழ்பென்னாத்தூர் பெண்கள் கபடிக் குழு.

ஸ்டூல் குட்டை. என் கண்ணுக்கு நேராக முன்சக்கரம். டயரின் பக்கவாட்டில் மலை மாதிரி ஒரு சின்ன முக்கோணம். நம் பட்டறை முத்திரை!

டீ கிளாஸ் கையிலேயே நின்றுவிட்டது. நாம் போடுவது ரீபட்டன் டயர். தேய்ந்துபோன டயரின் உடம்பு நன்றாக இருந்தால் அதற்குப் புதுத் தோல், அதாவது ரோட்டைப் பிடிக்கிற புதுப் பட்டன், போட்டு அனுப்புகிறோம். அனுப்பும்போதே, பின்சக்கரத்துக்கு மட்டும், முன்னால் போடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் அனுப்புவோம். இங்கே அது முன்னால் உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரரிடம், "இந்த வண்டி எங்க போவுது, தெரியுமா?" என்றேன்.

"மலைக்குக்கா. ஜமுனாமரத்தூர்ல கபடி மேட்சாம். இப்பதான் ஒரு பொண்ணு தண்ணி பாட்டில் வாங்கினு ஓடுச்சு."

ஜவ்வாது மலை! கொண்டை ஊசி வளைவுகள்! நான் எழுந்து கை காட்டுவதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

ஹெல்மெட்டை மாட்டினேனா, பக்கிளைப் போட்டேனா, எதுவும் நினைவில்லை. ஸ்கூட்டி பறந்தது. ஆட்டோ, மாடு, கிரிவலம் போகிறவர்கள், எல்லோருக்கும் நடுவில் ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். வேனின் பின் கண்ணாடியில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு கையை வீசி, நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று காட்டினேன். அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? யாரோ ஒரு ரசிகை வாழ்த்த வருகிறாள் என்று! எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி பறக்கும் முத்தம் கொடுத்தாள். நான் சக்கரத்தைக் காட்டினேன். இன்னும் வேகமாகப் போகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே திரும்பி டிரைவரை உசுப்பிவிட்டார்கள். வேன் இன்னும் வேகம் எடுத்தது!

ஊர் தாண்டி ரோடு அகலமானதும் முறுக்கினேன். வேனுக்குச் சமமாக வந்துவிட்டேன். அப்படியே முந்திப்போய்க் குறுக்கே நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கை கூடத் திரும்பிவிட்டது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். முன்சக்கரத்தில் எனக்குச் சந்தேகம். அப்படிப்பட்ட வண்டியின் எதிரே நான் திடீரென்று நின்றால் டிரைவர் என்ன செய்வார்? பிரேக்கை மிதிப்பார், ஸ்டியரிங்கை ஒடிப்பார். பாரம் முழுக்க அதே முன்சக்கரத்தில் போய் விழும். எதற்குப் பயந்து துரத்தினேனோ, அதை நானே வரவழைத்துவிடுவேன். அதனால் முந்தவில்லை. டிரைவர் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்து, உள்ளங்கையைக் கீழே அமர்த்தி அமர்த்திக் காட்டினேன். மெதுவா, மெதுவா, ஓரமா. அவர் முறைத்தார். பிறகு என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். வேகம் குறைந்தது. ஒரு பஞ்சர் கடைக்கு எதிரே, புளியமரத்து நிழலில், பூ மாதிரி வந்து நின்றது.

"இன்னாம்மா, சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?" என்று இறங்கினார் டிரைவர். ஏழுமலை என்று பெயர். நாற்பது வயது இருக்கும், நல்ல மனுஷன், கோபத்தில் இருந்தார்.

"இந்த முன் டயரு எங்க பட்டறைல போட்டதுங்க. இது பின்னாடி போடறது. இத மாட்டினு மலை ஏறாதீங்க."

"ஓனர்தான் மாட்டச் சொன்னாரு. முன்னாடி இருந்தது நேத்து கிழிஞ்சுபோச்சு. ஸ்டெப்னி மொட்டை. வீட்ல இது ஒண்ணு சும்மா கெடந்துச்சு. பட்டன் புதுசா இருக்குது, ஒரு நாளைக்குத்தானேன்னாரு." குனிந்து டயரைத் தட்டினார். "பின்னாடிதான் போடணும்னு இதுல எங்கம்மா எழுதியிருக்குது?"

நானும் குனிந்து பார்த்தேன். எழுதவில்லைதான். வாயால் சொன்னோம், சொன்னது ஓனர் வீட்டோடு நின்றுவிட்டது. இன்று நம் டயர் ஒவ்வொன்றிலும் முக்கோணத்துக்குப் பக்கத்தில் 'பின்சக்கரம் மட்டும்' என்று சூடு போட்ட எழுத்து இருக்கிறது அல்லவா? அது ஏழுமலை கேட்ட கேள்வி. அடுத்த வாரமே அச்சு செய்ய வைத்தோம்.

அதற்குள் வேனிலிருந்து பி.டி. டீச்சர் இறங்கி வந்தார். தமிழரசி. கழுத்தில் விசில், கையில் வாட்ச். "மேடம், மதியம் மேட்ச். நேரத்துக்குப் போகலைன்னா ஆடாமலே தோத்ததுன்னு எழுதிடுவாங்க. ஊர்ல இருந்து மொத தடவையா ஒரு பொண்ணுங்க டீம் போவுது. நீங்க இன்னா சொல்றீங்க, உங்க டயர் வெடிக்கும்ங்கறீங்களா?"

இதற்கு என்ன சொல்வீர்கள்? ஆமாம் என்றால் பொய். நான் ஆய்வு செய்து அனுப்பிய டயர் அது. இல்லை என்றால் வண்டி கிளம்பிவிடும்.

"வெடிக்கும்னு சொல்லலைங்க. எந்த டயரும் வெடிக்கலாம், புதுசும்தான். பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு டயரு. ஒண்ணு போனா பக்கத்துல இருக்கறது தாங்கும், வண்டி நேரா நிக்கும். முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அது போனா ஸ்டியரிங்க இழுத்துனு போயிடும். மலை எறக்கத்துல பிரேக் போடறப்ப மொத்த பாரமும் அது மேலதான். அங்க மாட்டற டயரு ஒரு தடவையும் சீவி ஒட்டாததா இருக்கணும்."

டீச்சர் வாட்சைப் பார்த்தார். அப்போது அவர் தோளுக்குப் பின்னால் ஒரு குரல். அணித் தலைவி சௌமியா. ஒல்லி, முட்டியில் பட்டை.

"டீச்சர், கரெக்டாதான் சொல்றாங்க. ரைடு போறவ தனியா போறா, வழுக்கினா அவ்ளோதான். பின்னாடி இருக்கறவங்க கை கோத்துனு நிக்கறாங்க, ஒருத்தி வுழுந்தா இன்னொருத்தி புடிப்பா. முன் டயரு ரைடர், பின் டயரு சங்கிலி."

நான் இத்தனை வருஷம் வாடிக்கைக்காரர்களுக்கு விளக்கி விளக்கித் தொண்டை வறண்டிருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை!

அப்புறம் பாருங்கள் கொண்டாட்டத்தை. பின்னால் வலது பக்க ஜோடியில் வெளியே இருந்த டயரில் கம்பெனியிலிருந்து வந்த அதே பட்டன், தேய்மானம் கம்மி. அதை முன்னால் கொண்டுபோவது, நம் டயரை அந்த இடத்தில் மாட்டுவது என்று முடிவு செய்தோம். பஞ்சர் கடைக்காரர் ஜாக்கி கொண்டுவந்தார். பெண்கள் வேனிலிருந்து குதித்தார்கள். போல்ட் இறுகிக்கிடந்தது. இரண்டு பேர் கம்பி மேல் ஏறி நின்று குதித்ததும் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே டயரை முன்னால் உருட்டிப்போனார்கள். ரோட்டில் போன டவுன் பஸ் நின்று வேடிக்கை பார்த்தது.

நான் சிரித்துக்கொண்டேதான் குனிந்தேன். வெளி டயர் கழன்றதால் உள்ளே இருக்கும் ஜோடி டயர் கண்ணுக்குத் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அதன் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. எங்கேயோ பள்ளத்தில் இறங்கி உள் நூல் அறுந்திருக்கிறது. காற்று அந்த இடத்தில் வெறும் ரப்பரைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரீபட்டனே காணாத ஒரிஜினல் டயர் அது. வெளியில் நின்று எத்தனை முறை சுற்றி வந்தாலும் தெரியாது. ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைத் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"இத வெச்சினா இம்மாந்தூரம் வந்தோம்?" என்றார் மெல்ல.

இனி நல்ல டயர் ஒன்று வேண்டும். ஸ்டெப்னியைப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழுவழு. பட்டறைக்குப் போன் செய்தேன். அங்கே குணா இருந்தான், அப்போது டெலிவரி பார்த்தவன். "குணா, நம்ம பட்டறை வண்டிக்குன்னு ஒண்ணு முடிச்சு வெச்சோமே, அதக் குட்டியானைல ஏத்தினு செங்கம் ரோட்டுக்கு வா. ஓட்டமா வா."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த தமிழரசி டீச்சர் என் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் மேடம். இப்பதான் ரீபட்டன் டயர எடுன்னு ரோட்ல துரத்தினு வந்தீங்க. எடுத்தோம். இப்ப ஒண்ணுக்கு ரெண்டா மாட்டப் போறீங்களா? எங்க பொண்ணுங்கள வெச்சி வெளையாடறீங்களா? பேப்பர்லகூட படிக்கறோம், ஹைவேல துண்டு துண்டா ரப்பர் கெடக்குது, அதெல்லாம் இந்த டயருதானே?"

பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

தம்பிகளே, தங்கச்சிகளே, வேண்டாம் என்று சொல்வது நம் தொழிலில் சுலபம். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். போகலாம் என்று சொல்வதற்குத்தான் நெஞ்சு வேண்டும். அந்த நிமிஷம் என் முன்னால் இரண்டு வழி இருந்தது. கடமை முடிந்தது என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அந்தப் பெண்கள் வீட்டுக்குத் திரும்பிப்போவார்கள், யாருக்கும் ஆபத்தில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜரும் போன் செய்தார். "வசந்தா, குணா சொன்னான். எதுக்கு இந்த வேலை? மலைமேல எதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, எந்த டயருன்னு யாரும் பாக்க மாட்டாங்க, நம்ம முத்திரையத்தான் பாப்பாங்க. விட்டுட்டு வந்துடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் அந்த டயர்களை நம்பவில்லை என்றால் இத்தனை காலம் அந்த மேஜையில் என்ன செய்துகொண்டிருந்தேன்? "சார், பாத்துட்டுதான் அனுப்புவேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

டீச்சரிடம், "ரோட்ல கெடக்கற ரப்பர்ல ரீபட்டனும் இருக்கும், ஒரிஜினலும் இருக்கும். காத்து கம்மியா ஓட்டினா, பாரம் ஜாஸ்தி ஏத்தினா எதுவும் உரியும். எங்களுது உரியாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வாங்க, பக்கத்துல இருந்து பாருங்க" என்றேன்.

குட்டியானை வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. குணா டயரை இறக்கினான். சுத்தியலை எடுத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டினேன். நல்ல ஒட்டு கெட்டியாகப் பதில் சொல்லும். ஒட்டு விட்ட இடம் சொத சொத என்று கேட்கும். பெண்கள் எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். புதுத்தோலும் பழைய உடம்பும் சேரும் கோட்டை நகத்தால் நெடுக நெம்பிப் பார்த்தேன். உள்ளே கைவிட்டுத் தடவினேன்.

"இது நீங்களே பாஸ் பண்ணதுதானே மேடம்?" என்றார் டீச்சர். "அப்புறம் ஏன் மறுபடி?"

"நேத்து பாஸ் பண்ணது நேத்து."

முன்சக்கரத்திலிருந்து கழற்றிய நம் டயரையும் அதேபோல் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தேன். ஜோடியாக ஓடுகிற டயர்கள் ஒரே உயரம் இருந்தால்தான் பாரம் பாதிப் பாதியாக விழும். ஒரே பட்டன், ஒரே உயரம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன. பஞ்சர் கடைக்காரர் ரிம்மில் ஏற்றிக் காற்றடித்தார். அளவு காட்டியை நானே பிடித்தேன். மாட்டினோம்.

"வலது பக்கம் பின் டயருக்கு மேல எந்த சீட்டு?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

அவர் காட்டினார். ஸ்கூட்டியைப் பஞ்சர் கடையில் விட்டுவிட்டு ஏறிப் போய் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்தேன். "போலாம்" என்றேன்.

டீச்சர் படியில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தார். விசிலை எடுத்து ஊதினார். பெண்கள் ஓவென்று கத்திக்கொண்டு ஏறினார்கள். ஆனால் டீச்சர் மட்டும் முன்னால், எதிர்ப்பக்கம், அந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தார்.

செங்கம் தாண்டி மலை ஆரம்பித்தது. பெண்கள் பாடினார்கள். நானும் பாடுவதுபோல் வாயை அசைத்தேன். உண்மையில் என் உயிர் முழுக்க காலுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாரம் வலது பக்கம் சாயும்போது வேனின் தரைப் பலகை வழியாக டயர் பேசுவது கேட்கும். உறுமலில் ஏதாவது மாறுகிறதா, தட் தட் என்று வருகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றுமில்லை, சீரான உறுமல்.

பாதி மலையில், குப்பென்று கருகும் வாசனை!

"டயரு! டயரு!" என்று ஒருத்தி அலறினாள். டீச்சர் எழுந்துவிட்டார். ஏழுமலை பதறவில்லை, அகலமான வளைவில் ஓரம் கட்டினார். நான் எல்லோருக்கும் முன்னால் இறங்கி ஓடி, அந்த ஜோடிச் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தேன்.

வெதுவெதுப்பு. ஏறிவந்த உழைப்பின் சூடு, அவ்வளவுதான். இரண்டும் ஒரே சூடு. முன்சக்கரம், இடதுபக்கம், எல்லாவற்றையும் தொட்டேன். ஒன்றும் சுடவில்லை. நிமிர்ந்தால், அடுத்த வளைவுக்கு மேலே ஒரு செங்கல் லாரி முக்கிக்கொண்டு நிற்கிறது, அடியிலிருந்து நீலப் புகை. அதன் கிளட்ச் எரிந்த வாசனை! சௌமியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஏழுமலை ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து சிரித்தார். டீச்சர் மட்டும் சிரிக்காமல் வந்து, என் பக்கத்தில் குனிந்து, தன் உள்ளங்கையையும் அந்த டயரில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இவ்ளோதான் சூடா?"

"இவ்ளோதான்."

மைதானத்தில் நாங்கள் போய் இறங்கியபோது எதிரணி கோட்டில் நின்றுகொண்டிருந்தது. மைக்கில் நம் அணியின் பெயரைக் கடைசித் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வேன் முழுசாக நிற்பதற்குள் குதித்து ஓடினார்கள். நான் வாழ்க்கையில் பார்த்த முதல் கபடி ஆட்டம் அது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள், அரையிறுதி ஜெயித்தார்கள். இறுதி ஆட்டத்தில் கடைசி ரைடில் சௌமியாவை மடக்கிவிட்டார்கள். இரண்டாம் பரிசு. அதற்கே அந்த மலை அதிர்கிற மாதிரி ஆடினார்கள்.

மலையில் இருந்தபடியே மேனேஜருக்குப் போன் செய்து, எல்லோரும் நல்லபடியாகப் போய்ச்சேர்ந்தோம் என்றேன். அவர் முதலில் கேட்டது, "காத்து செக் பண்ணியா?" நான் சிரித்துவிட்டேன். "பண்ணேன் சார், எறங்கறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி பண்ணுவேன்" என்றேன்.

பண்ணினேன். ஆறு டயரையும் தட்டி, தொட்டு, கழற்றாமல் பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் பார்த்தேன். ஏழுமலை கூடவே வந்து, நான் தட்டிய இடத்திலெல்லாம் தானும் ஒரு கல்லால் தட்டிக் கேட்டார். "கெட்டிதாம்மா" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். வெயில் இருக்கும்போதே கிளம்பினோம். இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அதே சீட்டில் போய் உட்கார்ந்தேன். வண்டி நகர்வதற்குமுன் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தமிழரசி டீச்சர். மடியில் இரண்டாம் பரிசுக் கோப்பை.

"முன்னாடி எடம் காலியா இருக்குதே டீச்சர்?"

"இருக்கட்டும். இங்கதான் காத்து நல்லா வருது."

முதல் இரண்டு வளைவு வரைக்கும் பலகைக்கு அடியில் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில் டீச்சரின் தலை என் தோளில் சாய்ந்தது. கோப்பை அவர் கையிலிருந்து நழுவப்போனது, நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த வளைவு எனக்குத் தெரியாது. "யம்மா, எழுந்திருங்க, உங்க ஸ்கூட்டி நிக்கற எடம் வந்துடுச்சு" என்று ஏழுமலை உலுக்கியபோதுதான், மலை முழுக்க இறங்கும்வரை நானும் தூங்கிப்போயிருக்கிறேன் என்று தெரிந்தது.